பெற்றவர் கையொப்பம்

மூடி ஆலையில் அவளுக்குப் பெயர் 'திருப்பி'. அம்மாவும் அப்பாவும் ஆசையாக வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. அந்தப் பட்டியலைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாட்டில் மூடி, டப்பா மூடி, தைலக்குப்பி மூடி என்று உலகத்தில் திறந்து கிடப்பதையெல்லாம் மூடுவதற்காக நானூறு பேர் உழைக்கும் அந்த ஆலையில், உதவித்தொகைப் பிரிவு மேசை அவளுடையது. மருத்துவச் செலவோ, கண்ணாடிச் செலவோ, பிரசவ விடுப்போ, எந்தப் படிவமும் அவள் மேசைக்குப் போய் ஒரு தடவையாவது திரும்பாமல் இருந்ததில்லை. நீல மைக்குப் பதில் கறுப்பு மை என்றால் திருப்பி. தேதியில் புள்ளிக்குப் பதில் கோடு என்றால் திருப்பி. ஒருமுறை ஒரு மனுஷர் எல்லாவற்றையும் சரியாக எழுதிக் கொடுத்துத் தொலைத்தார். அவள் அதை இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, மடித்த விதம் சரியில்லை என்று திருப்பினாள்.

அவளுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, அதைச் சொல்லிவிட வேண்டும். பத்து வருட வேலையில் யாரிடமும் ஒரு காசு கைநீட்டி வாங்கியதில்லை. நேரத்துக்கு வருவாள், நேரத்துக்குப் போவாள். ஒழுங்கு என்றால் உயிர். கெட்ட எண்ணமே இல்லாமல் ஒருவர் எவ்வளவு கெடுதல் செய்யலாம் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அவள் மேசைக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றால் போதும்.

இந்த ஒழுங்குக்குப் பரிசும் கிடைத்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் பிரசவ உதவிப் படிவம் ஒரே ஒரு வரியால் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கடைசி வரி இப்படி இருந்தது: 'உதவித்தொகைப் பணத்தைக் காசாளரிடமிருந்து கையில் பெற்றுக்கொண்டவரின் கையொப்பம்.' ஒரு கையெழுத்துக்கு இத்தனை சொல் எதற்கு? அவள் கத்தரியை எடுத்தாள். 'பெற்றவர் கையொப்பம்' என்று இரண்டு சொல்லில் முடித்தாள். படிவம் அழகாக ஒரே பக்கத்தில் அடங்கியது. காகிதச் சிக்கனத்துக்காக நிர்வாகம் அவளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்துக் கைதட்டியது. அந்தக் கடிகாரம் இன்றைக்கும் அவள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. தினம் நான்கு நிமிடம் பின்தங்கும்.

திருப்பிக்குப் பிரசவ விடுப்பு என்ற செய்தி பரவியபோது ஆலையில் பாதிப் பேர் தங்கள் வீட்டில் குழந்தை பிறந்த மாதிரி மகிழ்ந்தார்கள். ஆறு மாதம் படிவங்கள் சுகமாக நகரும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் மண் விழுந்தது. அவள் இடத்தில் தற்காலிகமாக வந்து உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நாற்பது வருடம் விடைத்தாள் திருத்திய கை அது. அவள் மூன்று வாரம் பக்கத்தில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தாள். தன் கைப்பட நாற்பத்தொரு விதிகள் எழுதிய நோட்டு ஒன்றையும் ஒப்படைத்தாள். முதல் விதி: கையொப்பம் இருந்தால் காரணம் கேட்க வேண்டாம். வாத்தியார் அதைப் படித்துவிட்டுச் சிவப்பு மையில் பக்கத்திலேயே 'மிக நன்று' என்று எழுதினார்.

வீட்டிலும் எல்லாம் திட்டப்படிதான். சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் இருபத்தாறு வாரங்களுக்கும் கட்டம் போட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தாள். விண்ணப்பித்து ஒரு மாதத்தில், ஆறு மாதச் சம்பளமும் மொத்தமாகக் காசாளர் ஜன்னலில் கைக்கு வரும். அதுவரை தாக்குப்பிடிக்கச் சேமிப்பு இருந்தது, கூடுதலாக மூன்று நான்கு வாரத்துக்கும் இழுக்கலாம். கணவன் குளிர்பெட்டி பழுதுபார்ப்பவன். வெயில் காலத்தில் அவனைப் பிடிக்க முடியாது. அப்போது நடந்ததோ மழையும் குளிருமான மாதங்கள். ஊரில் ஒரு குளிர்பெட்டியாவது கெட்டுப்போக வேண்டுமே. ஆக, பணம் வந்தால் இருபத்தாறு வாரமும் அவள் குழந்தையோடு வீட்டில் இருக்கலாம். வராவிட்டால் ஒன்பதாம் வாரம் திங்கட்கிழமை மூடிகளிடம் திரும்ப வேண்டியதுதான். குழந்தை இந்தக் கணக்கையெல்லாம் கேட்டு வளரவில்லை. பாட்டிலை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பியது. கரண்டியைத் தட்டிவிட்டது. கிண்ணத்தில் கொடுத்தால் துப்பியது. அம்மாவிடமிருந்து வந்தால்தான் பால், மற்றதெல்லாம் தண்ணீர் என்று ஒரே பிடிவாதம். யாருடைய பெண், பின்னே?

விண்ணப்பப் படிவத்தை அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே நிரப்பினாள். பிரசவமாகி மூன்றாம் நாள். பத்தொன்பது மணி நேரம் வலித்திருந்தது. நிமிர்ந்து உட்காரவும் தெம்பில்லை. கணவன் தலையணையைச் சாய்த்துக்கொடுத்து, ஒரு தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து மேசையாக்கிக் கொடுத்தான். அவள் நீல மையில், புள்ளி வைத்த தேதியில், ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினாள். மேலே 'விண்ணப்பதாரர் கையொப்பம்'. போட்டாள். கீழே 'பெற்றவர் கையொப்பம்'. பக்கத்துத் தொட்டிலில் சிவப்பாக, சுருட்டிவைத்த துணி மாதிரி ஒன்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு உலகத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. அவள் பெருமையாகக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினாள்.

ஆறாம் வாரம் ஆலையிலிருந்து கடிதம் வந்தது. காசாளரைப் பார்க்க எந்த நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்ற ஆவலில் பிரித்தாள். 'தங்கள் விண்ணப்பத்தின் அடியில் பெற்றவர் என்ற இடத்தில் தாங்கள் தேதியுடன் கையொப்பமிட்டிருப்பதால், தொகை தங்களால் பெறப்பட்டுவிட்டதாகக் கொண்டு கோப்பு முடிக்கப்படுகிறது. வாழ்த்துகள்.' ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு சரி அடையாளம்.

அவள் உடனே தொலைபேசியை எடுத்தாள். வாத்தியார் மிகுந்த மரியாதையோடு பேசினார். குழந்தை எடை எவ்வளவு என்று விசாரித்தார்.

"சார், அது குழந்தைய பெத்தவங்கிறதால போட்ட கையெழுத்து. பணம் இன்னும் என் கைக்கு வரல."

"எனக்குப் புரியுதும்மா. ஆனா நோட்டுல முதல் விதி என்ன சொல்லுது?"

"அது நான் எழுதினது சார்."

"அதான் சொல்றேன். முத்து முத்தா எழுதியிருக்கீங்க. அத மீற எனக்கு மனசு வருமா?"

தொலைபேசியை வைத்த பிறகும் அவள் கை அதிலேயே இருந்தது. தான் சொன்ன அதே வாக்கியத்தை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. குழந்தைக்குத் துணி மாற்றும்போது நினைவு வந்துவிட்டது. நாலரை வருடத்துக்கு முன்னால், ஆலையில் தேநீர் கொடுக்கும் டீ அக்கா அவள் மேசைக்கு முன்னால் நின்று, 'புள்ளய பெத்தவ நான்தானே மேடம், அதான் போட்டேன்' என்று சொல்லியிருந்தாள். அன்று திருப்பி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துவிட்டு, கையெழுத்து இருக்கிறதே அக்கா, நான் என்ன செய்யட்டும் என்று கோப்பை மூடினாள். சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதையை ஒரு வாரம் நடித்துக் காட்டினாள். அதற்குப் பிறகும் அப்படிச் சிலர் வந்தார்கள். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு இது ஒரு பாடம் என்று அவர்களிடம் சொல்லி அனுப்பினாள்.

இந்த நினைவை யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டாள்.

வீட்டில் வேறு பூதம் கிளம்பியது. கணவன் கடிதத்தை மூன்று தடவை படித்தான். நல்லவன்தான்; ஆனால் கம்ப்ரஸர் பற்றி எழுதியிருந்தால் புரிந்திருக்கும். பெறப்பட்டுவிட்டது என்று ஆலையே எழுதியிருக்கிறதே என்று இழுத்தான். நாத்தனாருக்கு இழுக்கிற பழக்கம் கிடையாது. குழந்தையைப் பார்க்க வந்தவள் கடிதத்தையும் பார்த்துவிட்டு, "அண்ணி, வாங்கினத சொல்லிட்டா நாங்க என்ன புடுங்கிக்கவா போறோம்?" என்று நேராகவே கேட்டாள். போகும்போது அலமாரி, அரிசி டப்பா, தொட்டிலுக்கு அடியில் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனாள். ஆறு மாதச் சம்பளத்தை ஒளித்துவைத்த கள்ளி என்ற பெயரோடு திருப்பி அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் ரசமும் சோறும் சாப்பிட்டாள். ரசம்கூட நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டே வந்தது.

மேல்முறையீடு செய்தாள். அந்தப் படிவமும் அவள் வடிவமைத்ததுதான். அதில் இருக்கிற ஒவ்வொரு பள்ளமும் அவள் தோண்டியது என்பதால் எதிலும் விழாமல் தாண்டினாள். ஏழாம் வாரக் கடைசியில் பதில் வந்தது. 'ஏற்கெனவே பெற்றதை விண்ணப்பதாரர் நேரில் கொண்டுவந்து, வரவுப் பதிவேட்டில் பதிந்து, முழுமையாக ஒப்படைத்தால் மட்டுமே கோரிக்கை மறுபடி பரிசீலிக்கப்படும். விதி 17.' யாருக்காவது தவறிப்போய் அதிகப் பணம் போய்விட்டால் திரும்ப வாங்குவதற்காக அவள் எழுதிய விதி. பேனாவை மூடிவிட்டுத் தன்னையே மெச்சிக்கொண்ட விதி.

வராத பணத்தை எங்கேயிருந்து ஒப்படைப்பது? அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். அலமாரிக் கதவைத் திறந்து பார்த்தால் எட்டாம் கட்டத்துக்குப் பிறகு பதினெட்டுக் கட்டங்கள் வெள்ளையாகக் கிடந்தன. இன்னும் சில நாளில் இந்தக் குழந்தையைப் பசியோடு யாரிடமோ விட்டுவிட்டுப் பேருந்து ஏற வேண்டும்.

கணவன் கடிதத்தை வாங்கி எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தான். "பெற்றதை நேரில் கொண்டுவந்து..." என்று நிறுத்தி, தொட்டிலைப் பார்த்தான். "பெத்தது இங்க தூங்குது. இத எதுக்குக் கொண்டுவரச் சொல்றாங்க?"

அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அவனுக்கு அப்படித்தான் புரிந்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவன் இத்தனை கெட்டிக்காரத்தனமாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

எட்டாம் வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் ஆலைக்குப் போனாள். தோளில் துணிப்பை, கையில் குழந்தை, பையில் விதி 17. உதவித்தொகைப் பிரிவில் வாத்தியார் அவள் நாற்காலியில் இருந்தார். எழுந்து நின்று வரவேற்றார். குழந்தை அம்மா ஜாடை என்றார்.

"பெத்தத ஒப்படைக்க வந்திருக்கேன் சார்," என்றாள்.

வாத்தியார் அவள் பையைப் பார்த்தார், பணத்தை எதிர்பார்த்து. அவள் கடிதத்தை அவர் முன்னால் விரித்தாள். அவருடைய கையெழுத்தைத் தொட்டுக் காட்டினாள். ஏற்கெனவே பெற்றது என்றுதானே எழுதியிருக்கிறது, நான் பெற்றது இது ஒன்றுதான், ஆஸ்பத்திரிச் சீட்டு வேண்டுமா என்று கேட்டாள். ஆஸ்பத்திரிச் சீட்டையும் வைத்தாள். வாத்தியார் நோட்டை எடுத்து விதி ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை புரட்டினார். ஒப்படைக்க வந்த பொருளை வாங்க மறுக்கலாம் என்று எந்த விதியிலும் இல்லை. பொருள் அழும் என்றோ, ஈரமாக்கும் என்றோ வரையறையும் இல்லை. வரவுப் பதிவேட்டைத் திறந்தார். பொருள் என்ற இடத்தில் 'பெண் குழந்தை, ஒன்று, நல்ல நிலையில்' என்று எழுதினார். கொடுத்தவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து. பெற்றவர் என்ற இடத்தில், வழக்கம்போல, அவர் கையெழுத்து.

குழந்தையை அவர் கையில் வைத்துவிட்டு அவள் வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஏழெட்டு அடி தூரம்தான். ஆனாலும் உட்கார்ந்ததும் கை வெறுமையாகிப்போய் என்ன செய்வதென்று தெரியவில்லை. பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. எழுந்து ஓடிப்போய் வாங்கிக்கொண்டுவிடலாமா என்றும் இருந்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து நிமிடத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. அடுத்த நிமிடம் வரவுப் பதிவேடு நனைந்தது. அதற்கடுத்து எழுந்த அழுகைக்கு, மூடி அடிக்கும் இயந்திரச் சத்தத்தையும் தாண்டி, மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்தார். பதினோரு மணிக்குத் தைலக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். வருடத்துக்கு நாற்பது லட்சம் மூடி வாங்குகிறவர்கள். அதற்காகப் புதுச் சட்டை போட்டிருந்தார்.

"யாரோட குழந்தை சார் இது?"

வாத்தியார் ஈரப் பதிவேட்டைக் குனிந்து பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"பதிவேட்டுப்படி, பெத்தவன் நான்தான் சார்."

மேலாளர் மக்கு இல்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. அவளை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி, உங்களுக்குப் போய் இப்படி ஆகலாமா என்று வருத்தப்பட்டார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவரே எழுதினார்: 'என் கவனக்குறைவால் தவறான இடத்தில் கையொப்பமிட்டுவிட்டேன். மன்னித்துத் தொகையை வழங்கவும்.' இதில் ஒரு கையெழுத்துப் போட்டால் சாயங்காலம் நான்கு மணிக்குக் காசாளர் ஜன்னலில் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

ஆறு மாதச் சம்பளம். பதினெட்டு வெள்ளைக் கட்டங்கள். அவள் பேனாவைத் திறந்துவிட்டாள்.

அப்போதுதான் டீ அக்கா தட்டோடு உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் வாத்தியார், தூக்கத் தெரியாமல் குழந்தையை விடைத்தாள் கட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். டீ அக்கா தட்டை மேசையில் வைத்துவிட்டு, அவரிடமிருந்து குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துத் தட்டினாள். அழுகை பாதியானது.

"ரெண்டு மாசம் ஆகுதா?" என்றாள். "இதவிடச் சின்னதா இருந்தான் என் பையன், பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்தப்ப."

"எத்தன நாள்லக்கா வேலைக்கு வந்தீங்க?"

"நாப்பத்தி ரெண்டு நாள். மறந்துட்டீங்களா மேடம்? சேர்ந்த தேதிய நீங்கதானே எழுதினீங்க."

குத்திக் காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். திருப்பிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த அக்கா நாற்பத்திரண்டாம் நாள் தேநீர்த் தட்டோடு வந்து நின்றபோது, இன்றைக்குத் தேநீர் ஆறிப்போயிருக்கிறது என்று தான் சொன்னதுகூட நினைவுக்கு வந்தது. பேனாவை மூடினாள்.

"கவனக்குறைவு என்னோடதுதான் சார்," என்றாள் மேலாளரிடம். "ஆனா கையெழுத்து போட்டதுல இல்ல. அந்த வரிய வெட்டினதுல."

படிவத்தைத் திருத்த வேண்டும் என்றாள். இந்த வரியால் பணம் போனவர்கள் தன்னைத் தவிரப் பதினொரு பேர் இருக்கிறார்கள், பெயரும் கோப்பு எண்ணும் தனக்கு மனப்பாடம் என்றாள். அது உண்மை, தன் மேசைக்கு வந்த எந்தக் கோப்பு எண்ணையும் அவள் மறந்ததில்லை. மேலாளரின் முகம் மாறியது. அந்தப் பதினொரு பேர் பணமும் வருடக் கடைசியில் 'மிச்சம்' என்ற தலைப்பில் நிர்வாகத்துக்குப் போயிருந்தது. மிச்சம் பிடித்ததற்காக அவருக்கு இரண்டு தடவை பாராட்டுக் கடிதமும் வந்திருந்தது.

"அதெல்லாம் முடிஞ்ச கோப்பும்மா. திறந்தா மேல வரைக்கும் போகும். உங்களோடதும் அதுல போய் மாட்டிக்கும். நல்லா யோசிச்சுக்கோங்க."

அவள் யோசிக்கத்தான் செய்தாள். அதற்குள் குழந்தை மறுபடி வீறிட்டது. இந்தத் தடவை தட்டலுக்கெல்லாம் மசியவில்லை. அந்த அழுகை காதில் விழுந்த மாத்திரத்தில் அவளுக்குப் பால் சுரந்து மேல்சட்டை நனைந்தது. எந்த விதியும் நோட்டும் அதைத் தடுக்க முடியாது. அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்த அறையில் கை வைத்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது. மேசையைச் சுற்றிப் போய் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் வெளிய இருங்க சார். பால் குடுக்கணும்."

மேலாளர் வெளியே போய்விட்டார். வேறு என்ன செய்வார்? டீ அக்கா கதவைச் சாத்தி, குறுக்கே நின்றுகொண்டாள். மணி பத்து முப்பத்தைந்து. குழந்தை எவ்வளவு நேரம் குடிக்கும் என்று மேலாளர் வெளியிலிருந்து கேட்டார். முக்கால் மணி நேரம் ஆகும், சில நாள் அப்படியே தூங்கிவிட்டால் இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று உள்ளேயிருந்து பதில் போனது. தைலக் கம்பெனிக்காரர்களை உட்காரவைக்க ஆலையில் வேறு அறை இல்லை. இருந்த ஒன்றையும் சிக்கனத்துக்காகக் கிடங்காக்கியிருந்தார்கள்.

"குழந்தை குடிச்சு முடிக்கறதுக்குள்ள அந்தக் கோப்புகள திறக்கச் சொல்லி ஒரு உத்தரவு அடிச்சிருங்க சார். வாத்தியாருக்கு நான் சொல்றேன்."

வாத்தியார் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அவள் உள்ளேயிருந்து வரி வரியாகச் சொன்னாள். பழைய கோப்புகள் பதினொன்றும் திறக்கப்படும். பன்னிரண்டு பேருக்கும் தொகை வழங்கப்படும். விண்ணப்பித்த தேதி வரிசைப்படி வழங்கப்படும். பதினொரு கோப்பு எண்களையும் சொன்னாள். வாத்தியார் ஒரு பிழை இல்லாமல் எழுதி, தட்டச்சு செய்து கொண்டுவந்தார். பத்து ஐம்பத்தாறுக்கு, வாசலில் கார் சத்தம் கேட்டபோது, மேலாளர் தாழ்வாரச் சுவரில் தாளை வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார். ஆலைக்காரர் ஒருவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதை டீ அக்கா அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

வரிசைப்படி என்ற வார்த்தையின் பலன் வீட்டுக்கு வந்த பிறகுதான் திருப்பிக்கு உறைத்தது. தேதி வரிசையில் அவள் பன்னிரண்டாவது ஆள், கடைசி. கணவனிடம் சொன்னாள். அவன், தெருமுனைக் கடையில் ஐஸ் பெட்டி சத்தம் போடுகிறதாம், போய்ப் பார்க்கிறேன் என்று கருவிப்பையை எடுத்துக்கொண்டான்.

ஒன்பதாம் வாரம் திங்கட்கிழமை வந்துவிட்டது. சேமிப்பில் பேருந்துக் காசு மிச்சம். பன்னிரண்டு பெண்களையும் ஆலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வாத்தியாருக்குத் தனியாகச் சமாளிக்க முடியாது என்பதால் திருப்பி தன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள், மடியில் குழந்தை. மேசைமேல் புதுப் படிவங்கள். அடியில் 'உதவித்தொகைப் பணத்தைக் கையில் பெற்றவர் கையொப்பம்' என்று இருந்தது. படிவம் மறுபடி இரண்டாம் பக்கத்துக்கு வழிந்திருந்தது. கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று அவள் நினைத்தாள். விதி 17 ஞாபகம் வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

மேலாளரும் நான்கு நாளில் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கோப்புக்காக இன்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும். பணம் மாதக் கடைசியில், இல்லாவிட்டால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார். எல்லாம் ஒரு நடைமுறைதான் என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் என்றால் திருப்பி நாளைக்கே வேலைக்குச் சேர வேண்டும். ஆனால் பத்து வருடப் பழக்கம் நாக்கில் ஊறிக் கிடந்தது. வரிசையில் முதலில் நின்ற டீ அக்காவிடம் படிவத்தை நகர்த்தி, பேனாவையும் நீட்டிவிட்டாள்.

"இங்க ஒரு கையெழுத்து போட்டுருங்கக்கா. பணம் பின்னாடி வரும்."

டீ அக்கா படிவத்தைக் கையில் எடுத்தாள். முதல் பக்கத்தைப் படித்தாள். தாளைப் புரட்டி இரண்டாம் பக்கத்தைப் படித்தாள். கடைசி வரியை விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக, அவசரமில்லாமல் படித்தாள். பின்னால் பத்துப் பெண்கள் காத்திருந்தார்கள். ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. படித்து முடித்ததும் படிவத்தை மேசைமேல் வைத்து, திருப்பியின் பக்கமாக மெல்லத் தள்ளினாள்.

"கையில பெத்தவர்னு போட்டிருக்கே மேடம். காசு கைக்கு வரட்டும். அப்புறம் போடறேன்."

திருப்பியிடம் ஒரு படிவம் திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. அவள் அதை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தாள். குறை சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. மை சரி, தேதி சரி, மடித்த விதம் சரி.

"சரிதான்க்கா," என்றாள். "நானும் அப்புறமே போடறேன்."

பேனாவை மூடி மேசையில் வைத்தாள். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்து தாழ்வாரத்தில் நடந்தாள். பின்னால் பதினொரு ஜோடிச் செருப்புச் சத்தம் கூடவே வந்தது. மேலாளர் அறைக் கதவைத் திறந்தபோது அவர் யாருடனோ தொலைபேசியில் மூடி விலை பேசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து குழந்தையைப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே, தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல், தன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.